மூடாத வால்வு: ஸ்போர்ட் எக்ஸாஸ்ட் பழுதை எங்கிருந்து தேடுவது?

குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மோட்டார் வாகன விதிகள் பயணிகள் காருக்கு வேறோர் எண்ணைத் தருகின்றன. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கார் கடந்து போகும்போது, 7.5 மீட்டர் தள்ளி நிற்கும் மைக்கில் 74 டெசிபலுக்குள் பதிவாக வேண்டும். முன்னது சராசரி, பின்னது ஒரு கணத்தின் உச்சம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நள்ளிரவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வீடு திரும்பும்போது, அந்தத் தெரு எந்த எண்ணின் பக்கம் நிற்கும் என்பதைச் சைலன்ஸருக்குள் இருக்கும் வட்டமான ஒரு சிறு தகடுதான் தீர்மானிக்கிறது.

எக்ஸாஸ்ட் வால்வான அந்தத் தகடு ஒழுங்காக மூடிக்கொண்டால் கார் போனதே தெரியாது. திறந்தபடி மாட்டிக்கொண்டால் தெருவே விழித்துக்கொள்ளும்.

பெங்களூரின் காக்ஸ் டவுனில் இந்தப் பழுது கூடுதலாக உறைப்பதற்குக் காரணம் அந்த இடத்தின் அமைப்பு. அல்சூருக்கும் பிரேசர் டவுனுக்கும் குக் டவுனுக்கும் நடுவே, பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த பகுதி அது. 1809-இல் உருவான கண்டோன்மெண்ட்டின் நீட்சியாக வளர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வது. பழைய பங்களா இடிந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு எழுகிறது. அதன் அடித்தளத்தில் கார் நிறுத்தம், அதிலிருந்து மேலேறும் கான்கிரீட் சரிவு, எதிரே பத்தடி தூரத்தில் அடுத்த வீட்டு ஜன்னல். சுவர்களில் பட்டுத் திரும்பும் சத்தம் தணிய இடமே இல்லை.

பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வால்வு வைத்த எக்ஸாஸ்ட்டோடு வருகின்றன. வால்வு கெட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பரவலாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. முழு சைலன்ஸரையும் மாற்றுங்கள் என்பது ஒன்று. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அப்படியே ஓட்டுங்கள் என்பது மற்றொன்று. முதல் பதில் பெரும்பாலும் தேவையற்ற செலவில் முடிகிறது, இரண்டாவது பதிலின் சுமை அண்டை வீட்டார் தலையில் விழுகிறது. வரிசையாகச் சோதித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் மூன்றாவது வழி இருக்கிறது.

தகடு வந்த கதை

சத்தத்தை வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடும் ஆசை காரின் வயதை ஒத்தது. அமெரிக்காவின் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-இல் சைலன்ஸருக்குக் காப்புரிமை பெற்றனர். அதன் பின் சில ஆண்டுகளிலேயே, புகையைச் சைலன்ஸருக்குள் விடாமல் நேராக வெளியே தள்ளும் ‘கட்-அவுட்’ லீவர்கள் புழக்கத்துக்கு வந்தன. பல நகரங்கள் அவற்றைத் தடை செய்தன. 1987-இல் யமஹா தன் எஃப்இசட்ஆர் மோட்டார் சைக்கிளில் ‘எக்ஸப்’ என்ற வால்வைப் பொருத்தியது. குறைந்த சுழற்சியிலும் எஞ்சினுக்கு இழுவை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1990-களின் தொடக்கத்தில் மிட்சுபிஷியின் 3000ஜிடி, ஸ்விட்சைத் தட்டினால் சத்தம் மாறும் எக்ஸாஸ்ட்டோடு வந்தது. 1994-இல் வந்த ஃபெராரி எஃப்355 காரிலும் பைபாஸ் வால்வு இருந்தது. பின்னர் ஆஸ்டன் மார்ட்டின், போர்ஷே, ஜாகுவார், கார்வெட், பிஎம்டபிள்யூ என எல்லா இடத்திலும் இதே ஏற்பாடு பரவியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 2021-இல் இந்தியாவில் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்340ஐ, செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் சென்னை ஆலையில் பூட்டப்படும் கார். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், பின் சைலன்ஸரில் மின் மோட்டாரால் இயங்கும் ஃபிளாப், அதாவது அந்தத் தகடு. வால்வுப் பழுது இறக்குமதிக் கார் வைத்திருப்பவர்களின் தனிக் கவலையாக இருந்த காலம் போய்விட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. சைலன்ஸருக்குள் புகைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தடுப்பறைகள் வழியாகச் சுற்றிப் போகும் நீண்ட பாதை, மற்றது ஏறத்தாழ நேரான குறுக்குப் பாதை. குறுக்குப் பாதையின் வாயில்தான் ஃபிளாப் இருக்கிறது. மூடியிருக்கும்போது புகை முழுவதும் சுற்றுப் பாதையில் போய்ச் சத்தத்தை இழக்கிறது. எஞ்சின் வேகமெடுத்துப் புகை பெருகும்போது ஃபிளாப் திறந்து வழிவிடுகிறது.

ஃபிளாப்பை அசைப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. பழைய முறை வேக்கம். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுவிசை, ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக ஆக்சுவேட்டரின் ரப்பர் சவ்வை இழுக்கிறது. ஸ்ட்ராவால் இளநீரை உறிஞ்சுவது போன்ற வேலை; ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீர் மேலே வராது. புதிய முறை மின்சாரம். ஃபிளாப்பைத் திருப்பும் ஷாஃப்டின் தலையில் ஒரு சிறு மோட்டார், அதற்குள் பல்சக்கரங்கள், கட்டளையிட எஞ்சின் கம்ப்யூட்டர்.

வேக்கம் முறையில் பழுது தேடுபவர் முதலில் மனதில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல ஐரோப்பிய, அமெரிக்கக் கார்களில் வேக்கம்தான் வால்வை மூடுகிறது, ஸ்பிரிங் திறக்கிறது. வேக்கம் கசிந்தால் வால்வு திறந்து நிற்கும். எஞ்சின் மூச்சுத் திணறக் கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. எனவே இவ்வகைக் காரில் ஓயாத சத்தம் பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிவதைக் காட்டுகிறது. ஓயாத அமைதி, ஃபிளாப் இறுகி ஜாம் ஆனதைக் காட்டுகிறது.

இயல்பா, பழுதா?

ஸ்கேனரை எடுப்பதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகச் சுழற்சியைக் கூட்டுவது வழக்கம். பல மாடல்களில் ஃபிளாப்பும் அப்போது திறக்கும். காலையில் ஒரு நிமிடம் வரை உறுமிவிட்டு அடங்கினால் அது பழுதில்லை. வேக்கம் வகையில், இரவு முழுக்க நின்ற காரின் சேமிப்புக் குடுவையில் வேக்கம் வடிந்திருக்கும். கிளப்பிய சில நொடிகளுக்கு வால்வு திறந்திருப்பதும் இயல்பே.

காரின் உள்ளே உட்கார்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. எம்340ஐ உட்படப் பல கார்கள் எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டித் தருகின்றன. ஸ்போர்ட் மோடில் உள்ளே சத்தம் ஏறுவதால் ஃபிளாப் வேலை செய்கிறது என்று ஆகாது. செல்போனைப் பின் பம்பருக்குப் பின்னால் பத்திரமான தூரத்தில் வைத்து, மோடுகளை மாற்றி மாற்றிப் படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். திறந்த வெளியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். அடித்தளக் கார் நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது, கார்பன் மோனாக்சைடு தேங்குவதால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து, சத்தத்தின் குணத்தைக் கவனிக்க வேண்டும். இரு குழாய்களும் ஒரே நேரத்தில் உறுமினால் பழுது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: ஃபியூஸ், வேக்கத்தை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்டு, முதன்மை ஹோஸ், அதில் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒருவழி வால்வு. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஆக்சுவேட்டரோ ஃபிளாப்போ காரணம். குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கிறது. மழைக்கு அடுத்த நாள் தொடங்கியது என்றால் கனெக்டரை முதலில் கழற்றிப் பார்க்க வேண்டும். உயர் வேகத்தில் கார் இழுக்காமல் முனகினால் ஃபிளாப் மூடியபடி மாட்டியிருக்கலாம்.

வேக்கம் வகை: ஹோஸிலிருந்து தொடங்குக

இதற்கு வேண்டிய கருவி ஒன்றே ஒன்று, மானி பொருத்திய கை வேக்கம் பம்பு. கார் நன்றாக ஆறியபின், ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, ஆக்சுவேட்டரில் இருந்து ஹோஸைக் கழற்றி அங்கே பம்பை மாட்ட வேண்டும். 15 முதல் 20 அங்குலம் பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். ஃபிளாப் சரக்கென்று மூடி, மானியின் முள் அசையாமல் நின்றால் ஆக்சுவேட்டரும் ஃபிளாப்பும் நலம். முள் நிற்க, ஃபிளாப் அசையாவிட்டால் ஷாஃப்ட் ஜாம். முள் இறங்கிக்கொண்டே போனால் சவ்வு கிழிந்திருக்கிறது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்த எஸ்டிமேட்டும் எழுதப்படக் கூடாது.

ஆக்சுவேட்டர் நலம் என்று தெரிந்தால் எஞ்சினை நோக்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். சோலினாய்டுக்கு வரும் ஹோஸில் வேக்கம் வருகிறதா? 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று கேட்கிறதா? ஒருவழி வால்வை வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் காற்றுப் போகிறதா? சைலன்ஸர் சூட்டருகே வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் ஹோஸ், வளைத்தவுடன் நொறுங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். டர்போ இல்லாத எஞ்சினில் இந்தக் கசிவு ஐட்லிங்கையும் தடுமாற வைக்கும். சிலிகான் வேக்கம் ஹோஸ் மீட்டர் கணக்கில் ஜே.சி. சாலைக் கடைகளில் கிடைக்கிறது. மொத்தப் பழுதும் அந்த ஒரு மீட்டரில் முடிந்துவிடுவது உண்டு.

பெங்களூருக்கே உரிய ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கடல் மட்டத்தில், டர்போ இல்லாத நல்ல பெட்ரோல் எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வேக்கம் காட்டும் என்பது கையேடுகள் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் 19 காட்டிய கார் காக்ஸ் டவுனில் 16 காட்டினால் எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை. இந்த மூன்று அங்குலத்தைக் கணக்கில் எடுக்காமல் எஞ்சினைக் குற்றம் சாட்டினால் தேடல் திசை மாறிப் போகும்.

மின் வகை: கையால் திருப்பிப் பார்த்தல்

மின் ஃபிளாப் வைத்த பல கார்களில், இக்னிஷன் போட்டதும் மோட்டார் ஃபிளாப்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டித் தன் எல்லைகளை அறிந்துகொள்ளும். பின்னால் நின்று காது கொடுத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்ர்’ ஒலி கேட்கும். அது கேட்கவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. பாதியில் தடுக்கி நின்றால் ஃபிளாப் இறுகியிருக்கிறது.

முடிவான சோதனை இன்னும் எளிது. கார் ஆறிய நிலையில், இக்னிஷனை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மோட்டாரைத் தனியாக எடுத்துவிட்டு ஷாஃப்டை இடுக்கியால் திருப்பிப் பார்க்க வேண்டும். இலகுவாகச் சுழன்றால் ஃபிளாப் நலம், பழுது மோட்டாரிலோ வயரிலோ இருக்கிறது. அசைய மறுத்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. இறுகிய ஷாஃப்டோடு போராடித்தான் அதன் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் புது மோட்டாரைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். இரண்டு பக்கமும் ஒரே வகை மோட்டார் என்றால் இடதை வலதில் மாட்டிப் பார்க்கலாம். பழுது கூடவே இடம் மாறினால் மோட்டார்தான் குற்றவாளி. இக்னிஷன் போட்டிருக்கையில் மட்டும் குழாய்க்குள் விரலை விடக் கூடாது. அந்தத் தகடு விரலை நறுக்கும் வலு உள்ளது.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொது ஸ்கேனர்கள் ஃபிளாப்பின் பிழைக் குறியீட்டைக் காட்டாமல் போகலாம். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, போர்ஷேவுக்குப் பிவிஸ், மெர்சிடீஸுக்கு எக்ஸென்ட்ரி என அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளில்தான் குறியீட்டையும் படிக்கலாம், ஃபிளாப்புக்குக் கட்டளை கொடுத்தும் பார்க்கலாம். ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை என்பதை நலச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஊரும் ஒரு காரணம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நீண்ட பயணத்தில் சைலன்ஸர் கொதிக்கும் சூட்டில் அது பறந்துவிடும். வீலர் சாலையில் ஊர்ந்து, சிக்னலில் நின்று, இரண்டு கிலோமீட்டரில் பயணம் முடிந்தால் ஆவி உள்ளேயே குளிர்ந்து நீராகத் தேங்கும். கரியும் ஈரமும் சேர்ந்து ஷாஃப்டைச் சுற்றி இறுகும். டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி பெங்களூரு நகர மையத்தில் பத்து கிலோமீட்டர் கடக்க 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த வேகத்தில், ஸ்போர்ட் மோடைத் தொடாமலே மாதக்கணக்கில் ஓடும் காரில் ஃபிளாப் அசைவதற்கு வாய்ப்பே குறைவு. அசையாத ஃபிளாப் இறுகிப் போகிறது.

வேகத்தடைகளுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த உயரம் பத்து சென்டிமீட்டர். தெருவில் பலவும் அதற்கு அடங்குவதில்லை. தாழ்ந்த காரின் பின் சைலன்ஸர் உரசும்போது ஆக்சுவேட்டரின் கம்பி வளைகிறது. மழையின் பங்கும் உண்டு. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் பக்கம் சொகுசு கார்கள் வெள்ளத்தில் நின்ற காட்சியை நாடே பார்த்தது. அந்த அளவு வெள்ளம்கூட வேண்டாம். சக்கரம் வாரி அடிக்கும் சேற்று நீரே கனெக்டரின் பின்களைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

ஃபியூஸைப் பிடுங்குவது

ஆஸ்டன் மார்ட்டின் வி8 வான்டேஜ் காரில் 22-ஆம் எண் ஃபியூஸை எடுத்தால் வால்வுகள் எப்போதும் திறந்திருக்கும் என்பது உலகெங்கும் அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த குறுக்கு வழி. கார்வெட்டிலும் இதேபோல் உண்டு. வேண்டுமென்றே செய்யும் இந்த வேலையும் பழுதான வால்வும் தெருவில் நிற்பவர் காதுக்கு ஒன்றுதான்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒலி வரம்பை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்ற 52-ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்போடு உறுதி செய்தது. ‘வால்வு தானாகக் கெட்டது’ என்ற விளக்கம் ஒலி மீட்டரில் வரும் எண்ணைக் குறைக்காது.

உலகம் போகும் திசையும் அதுவே. முன்பு 50 கிலோமீட்டர் வேகச் சோதனையில் மட்டும் வால்வை மூடி வைத்து, மற்ற நேரம் திறந்துவிடும்படி சில தயாரிப்பாளர்கள் நிரல் எழுத முடிந்தது. 2016-இல் அமலுக்கு வந்த ஐ.நா. ஒழுங்குமுறை 51-இன் மூன்றாம் திருத்தத் தொடர், சோதனைக்கு வெளியே உள்ள வேகங்களிலும் ஒலி திடீரென ஏறக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. சாதாரணக் கார்களுக்கு 72-இல் தொடங்கி 68 டெசிபல் வரை, மிகுந்த ஆற்றல் கொண்ட தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 75-இல் தொடங்கி 72 வரை படிப்படியாக இறக்கும் அட்டவணை அது. பந்தயத் தடங்களிலும் விலக்கு இல்லை. அமெரிக்காவின் லகூனா செகாவில் சாதாரண நாட்களில் வரம்பு 90 டெசிபல். வால்வு மூடாத கார் அங்கே தடத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான்.

எதை மாற்றுவது, எதைக் காப்பாற்றுவது

இறுகிய ஃபிளாப்பை மீட்கலாம். பெனட்ரேட்டிங் ஆயிலை ஷாஃப்டின் இரு முனைகளிலும் விட்டு, ஒரு இரவு ஊறவைத்து, சிறுகச் சிறுக முன்னும் பின்னும் திருப்ப வேண்டும். சுத்தியலால் அடித்தால் புஷ் நசுங்கி, நிரந்தர அதிர்வு வந்து சேரும். விடுபட்ட பின் சாதாரண கிரீஸ் பூசக் கூடாது. சூட்டில் அது கருகி மறுபடியும் பிசினாகும். உயர் வெப்பம் தாங்கும் நிக்கல் அல்லது கிராஃபைட் பூச்சுதான் இங்கே நிற்கும்.

புஷ் தேய்ந்திருந்தால் கடைசல் பட்டறையில் புதிது செய்து பற்ற வைக்கலாம். சிவாஜி நகரின் பழைய பொருள் சந்தையான குஜிரியிலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய உதிரிகளைத் தேடுபவர்கள், மோட்டாரைக் கையில் வாங்குமுன் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று கேட்பது நல்லது. கட்டளை முறை வேறானதால் சில மோட்டார்கள் வெறும் பேட்டரியில் ஓடாது. அவற்றைப் பழையதாக வாங்குவது துணிச்சலான வேலை. சில மாடல்களில் மோட்டார் தனி உதிரியாகக் கிடைக்கிறது, சிலவற்றில் சைலன்ஸரோடு சேர்த்தே விற்கிறார்கள். உதிரி எண்ணை வைத்து இதை உறுதி செய்யாமல் முழு சைலன்ஸருக்கு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஓட்டை விழுந்தாலோ தகடே கழன்றாலோ முழு மாற்றம் நியாயம். மற்ற எல்லாமே அதைவிடச் சிறிய வேலைகள்.

எனவே கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுமுன் மூன்று சோதனைகளின் முடிவை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்: ஃபிளாப் கையால் சுழல்கிறதா, ஆக்சுவேட்டர் வேக்கத்தையோ மின்சாரத்தையோ ஏற்கிறதா, அதுவரை வேக்கமோ மின்சாரமோ வந்து சேர்கிறதா. வெளிநாட்டிலிருந்து உதிரி வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வால்வை மூடிய நிலையிலேயே வைத்திருங்கள். டர்போ இல்லாத, வேக்கத்தால் வால்வு மூடும் வகைக் காரில் சோலினாய்டைத் தாண்டி ஹோஸை நேராக இணைத்தால் மெதுவான ஓட்டத்தில் அது மூடியே இருக்கும். மின் வகையில் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஃபிளாப்பைக் கையால் மூடி, கம்பியால் கட்டச் சொல்லுங்கள். உதிரி வந்து பொருத்தும்வரை எஞ்சினை உயர் சுழற்சிக்குக் கொண்டு போகாமல் ஓட்டினால் காருக்கும் கேடில்லை, தெருவுக்கும் தொல்லையில்லை.